ஐவியின் முன்னறையில் ஒரு கட்டில்

நம்மூரில் பார்லர் என்றால் முடி வெட்டவும் புருவம் திருத்தவும் போகிற இடம். சீமையின் வடக்கே ஐவி ஹெப்வொர்த் வாழ்ந்த சுரங்க ஊர் ஸ்டான்ரிக்கில் பார்லர் என்பது வீட்டின் முன்னறை. வீட்டிலேயே நல்ல அறை அதுதான். அதில் யாரும் உட்கார மாட்டார்கள்.

அந்த அறையில் ஒரு கட்டிலைப் போடலாமா கூடாதா என்று 1955 மார்ச்சில் ஐவி ஐந்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கேட்பவருக்கு அற்பமாகத் தெரியும். அவளுக்கு அது புருஷனின் உயிர்.

வில்ஃப் ஹெப்வொர்த் பதினாலு வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கியவன். நாற்பது வருஷத்துக்கு மேல் உழைத்ததற்குச் சுரங்கம் அவனுக்கு நெஞ்சு நிறையத் தூசைக் கொடுத்து அனுப்பியது. அறுபது வயதில், தன் வீட்டு மாடிப்படி பதின்மூன்றை ஏற அவனுக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. பாதியில் உட்கார்ந்து, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவான். ஐவி கீழே நின்று பார்ப்பாள். கை கொடுத்தால் அவனுக்குக் கோபம் வரும்.

திங்கட்கிழமை நர்ஸ் கில்பி சைக்கிளில் வந்தாள். மாடியில் அவனைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, சமையலறையில் கையைக் கழுவியபடியே சொன்னாள்.

"படி ஏறுறது இனிமே ஆகாது, மிசஸ் ஹெப்வொர்த். வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வருவேன். கீழ கட்டில் போட்டிருந்தீங்கன்னா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு எழுதிடுவேன்."

நெஞ்சு ஆஸ்பத்திரி முப்பது மைல் தள்ளி, மலை மேல் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். அவர்கள் வசித்த ஹோலின் தெருவிலிருந்து அங்கே போனவர்கள் நாலு பேர். நாலு பேரும் வண்டியில்தான் திரும்பினார்கள், படுத்தபடி.

சமையலறையில் போடலாமா என்று ஐவி கேட்டாள். அடுப்புப் புகையும் துணி வேகவைக்கிற ஆவியும் அவன் நெஞ்சுக்கு விஷம் என்றாள் நர்ஸ். தொப்பியை மாட்டிக்கொண்டே, "முன்னறைதான் சும்மா கெடக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெற்கத்திக்காரி. அவளுக்கு என்ன தெரியும்.

ஐவிக்கு ஆஸ்பத்திரியைவிட அந்தச் 'சும்மா'தான் முதலில் சுட்டது.

அவள் பிறந்த வீட்டில் சும்மா கிடக்க ஒரு மூலைகூட இருந்ததில்லை. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, ஏழு பேர். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய வீடுகள். பின்பக்கம் ஜன்னலே கிடையாது. அவளுக்குப் பதினோரு வயதில் அம்மா செத்தாள். கிடத்த வேறு இடம் இல்லாமல் சாப்பாட்டு மேஜையில் பலகை போட்டுக் கிடத்தினார்கள். மூன்று நாள் அந்த மேஜையைச் சுற்றிக்கொண்டே தண்ணீர் மொண்டார்கள், அடுப்பு மூட்டினார்கள், ஜன்னல் திட்டில் வைத்து ரொட்டி அறுத்தார்கள். நாலாம் நாள் மேஜையைச் சோடா போட்டுத் தேய்த்துவிட்டு எல்லாரும் அதில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஐவிக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கல்யாணம் ஆகும் வரை அந்த வீட்டில் மாடிப்படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

முதல் உலகப் போர் முடிந்ததும் ஊராட்சி தொழிலாளிகளுக்கு வீடு கட்டத் தொடங்கியது. அதில் இரண்டு வகை. முன்னறை உள்ள வீடு, முன்னறை இல்லாத வீடு. சுரங்கத்தில் கரி வெட்டுகிறவனுக்கு உட்கார்ந்து பேச ஓர் அறை எதற்கு என்று ஒரு கவுன்சிலர் கூட்டத்தில் கேட்டார். கேட்டவர் வீட்டில் அப்படி மூன்று அறை இருந்தது.

ஐவி கம்பளி மில்லில், நெய்த துணியில் அறுந்த இழையைக் கோக்கிற வேலையில் இருந்தாள். மில் ஏப்ரனோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்தாள். பதினோராவது தடவையும் குமாஸ்தா பழைய கேள்வியையே கேட்டான், வீட்டில் எத்தனை பேர் என்று. "உயிரோட இருக்கறவங்கள மட்டும் கேக்கறீங்களா?" என்றாள் ஐவி. அவன் வேறொரு படிவத்தை எடுத்து நீட்டினான். 1927இல், மகன் கிளிஃபர்டுக்கு மூன்று வயது இருக்கும்போது, ஒன்பதாம் எண் வீடு கிடைத்தது. முன்னறையோடு.

அதன் பிறகு அந்த அறைக்கு ஒவ்வொன்றாகச் சாமான் சேர்ந்தது. யாருக்கும் வாசிக்கத் தெரியாத பியானோ. உட்கார்ந்தால் தொடையைக் குத்துகிற குதிரைமுடி சோபா. கண்ணாடி அலமாரியில் பன்னிரண்டு கோப்பை. வெயில் படாமலே வளர்கிற ஓர் அகல இலைச் செடி. வியாழக்கிழமைதோறும் தூசு தட்டுவாள். உள்ளே போனால் குரல் தானாக இறங்கிவிடும். குழந்தை சத்தம் போட்டால், "ஷ்ஷ், முன்னறை" என்பாள். அண்டை அயல் எல்லாம் பின்கதவு வழியாகச் சமையலறைக்கு வரும். வாசல் கதவு டாக்டருக்கும் போதகருக்கும் சவப்பெட்டிக்கும்தான்.

சவப்பெட்டி இரண்டு தடவை வந்தது. 1931இல் வில்ஃபின் அம்மாவுக்கு. 1943இல் கிளிஃபர்டுக்கு.

அவனுக்குப் பத்தொன்பது வயது. அப்பா வேலை பார்த்த அதே சுரங்கம். கூரை அவன் மேல் இறங்கியது. மூன்று நாள் முன்னறை ஜன்னலுக்குக் கீழே கிடந்தான். குளிப்பாட்டியது அந்தத் தெருவில் பிணத்தை எல்லாம் குளிப்பாட்டுகிற மார்த்தா பிக்கர்ஸ். அவள் வேலை முடியும் வரை பெற்றவளை உள்ளே விடுவதில்லை என்பது அங்கே வழக்கம். ஐவி நடையில் நின்றாள். எடுத்துக்கொண்டு போன பிறகு கதவைச் சாத்தினாள். வியாழக்கிழமை மட்டும் திறப்பாள். வில்ஃப் அந்த அறைக்குள் அதன் பிறகு கால் வைக்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பன்னிரண்டு வருஷம் ஒரே அடுப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மகன் பேரை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் கட்டில்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வில்ஃப் அகராதி படித்துக்கொண்டிருந்தான். வெளியே போக முடியாமல் போனதிலிருந்து அவனுக்கு அதுதான் பொழுது. தொழிலாளர் படிப்பகத்திலிருந்து தலையணை கனத்தில் ஒன்றைத் தோழர்கள் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். வீட்டில் இருக்கிற சாமானை எல்லாம் ஒவ்வொன்றாக அதில் தேடுவான். கெட்டிலுக்கு ஒரு நாள், அலமாரிக்கு ஒரு நாள். எந்த நாட்டுக்காரன் எந்த வார்த்தையைக் கொண்டுவந்து போட்டான் என்று ஐவியிடம் சொல்வான். ஐவி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே "ஓஹோ" என்பாள்.

"ஐவி, பார்லர்னா என்ன தெரியுமா?"

"ரெண்டு நாளா என் தலைவலியே அதுதான். தெரியாம என்ன?"

"பேசுற எடம்."

கத்தி நின்றது. வில்ஃப் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். "பிரெஞ்சுக்காரன் இங்க ஆள வந்தப்போ கொண்டு வந்த வார்த்தை. பேசுறதுக்கு அவங்க ஊர்ல என்ன சொல்வாங்களோ அதுலேருந்து வந்திருக்கு. மடத்துல சாமியாருங்க வாயத் தொறக்கக் கூடாது பாரு. சோறு திங்கறப்பவும் கூடாது, வேலை செய்யறப்பவும் கூடாது. ஒரே ஒரு ரூம்ல மட்டும் பேசிக்கலாம். அந்த ரூமுக்குத்தான் இந்தப் பேரு."

அதற்குப் பிறகு அந்தப் பேர் எங்கெங்கே அலைந்தது என்பதையும் படித்துச் சொன்னான். சத்திரத்தில் மரியாதைப்பட்டவர்கள் உட்காருகிற அறைக்குப் போயிற்று. பணக்காரன் வீட்டுக்குப் போயிற்று. பால் கறக்கிற கொட்டகைக்கு அதே பேர். நகரத்தில் பிணம் எடுக்கிறவனும் தன் கடைக்கு அதே பேரை வைத்துக்கொண்டிருக்கிறான்.

"மாட்டுக்கும் பொணத்துக்கும் ஒரே பேரா?"

"நடுவுல நாம" என்று வில்ஃப் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

ஐவிக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். இருபத்தெட்டு வருஷமாக அவள் வாயைப் பொத்தி வைத்த அறைக்குப் பேச்சு அறை என்றா பேர்? யார் தப்பு, அகராதியா அவளா? அது போகட்டும். இவன் எதற்காக இன்றைக்குப் பார்த்து அதைச் சொல்கிறான்? அங்கே போடு என்கிறானா, போடாதே என்கிறானா? நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் முன்னறையைப் பற்றிப் பேச வேண்டும். முன்னறையைப் பற்றிப் பேசினால் கிளிஃபர்ட் வந்து நிற்பான். உருளைக்கிழங்கைத் திரும்ப எடுத்தாள். ஏற்கெனவே உரித்ததையே இன்னொரு தடவை உரித்தாள்.

புதன்கிழமை மார்த்தா பிக்கர்ஸிடம் கேட்டாள். யாருக்கோ கேட்பது மாதிரி கேட்டாள். மார்த்தா வில்ஃபோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். பெரிய கை, சுருக்கமான பேச்சு.

"முன்னறைக் கட்டில்லேருந்து பதினாலு பேர எடுத்திருக்கேன், கண்ணு. ஒருத்தரும் மாடிக்குத் திரும்பிப் போனதில்ல."

"ஆஸ்பத்திரிக்குப் போனா?"

"அங்கேருந்து வந்தவங்கள நான் எண்ணறதில்ல. அது அவங்க குளிப்பாட்டி அனுப்பினது."

வியாழக்கிழமை தூசு தட்டப் போனபோது ஐவி துடைப்பக் கட்டையை எடுத்துப்போய் அளந்தாள். பியானோவை நகர்த்த அவளால் ஆகாது. அலமாரிப் பக்கம் போட்டால் கதவு திறக்காது. திரும்பவும் அளந்தாள், மூன்றாம் தடவையும் அளந்தாள். எப்படி அளந்தாலும் கட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் நின்றது. ஜன்னலுக்குக் கீழே.

வெள்ளிக்கிழமை காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு மாடிக்குப் போய் வாயைத் திறந்தாள்.

"முன்னறையில போடவா?"

வில்ஃப் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ என்ன சொல்ற?"

"நான்தான கேக்கறேன்."

"எனக்குத் தெரியல, புள்ள."

அவ்வளவுதான் கிடைத்தது. ஐவி கீழே போய் ஸ்பானரை எடுத்தாள்.

ஆள் கூப்பிட்டால் வந்திருப்பார்கள். ஆனால் ஹெப்வொர்த் வீட்டில் முன்னறைக்குக் கட்டில் இறங்கிற்று என்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவியிருக்கும். அங்கே அது பாதி மரண அறிவிப்பு. அதனால் ஐம்பத்தாறு வயதில் தனியாகவே கழற்றினாள். இரும்புச் சட்டத்தைப் படியில் சறுக்கி விட்டாள். மெத்தையை முதுகில் சாய்த்துக்கொண்டு இறங்கினாள். பன்னிரண்டு மணிக்குக் கட்டில் ஜன்னலுக்குக் கீழே நின்றது.

வில்ஃப் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினான். முன்னறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கட்டிலையோ பியானோவையோ பார்க்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே தரையைப் பார்த்தான். பிறகு போய்ப் படுத்தான்.

"வெயில் நல்லா வருது இங்க" என்றான். இறங்கின களைப்பில் உடனே தூங்கிவிட்டான்.

வெயில் அவன் முகத்திலேயே விழுந்தது. தெருவில் போன தபால்காரன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். ஐவி திரையை இழுத்து மூடினாள்.

அந்த ஊரில் பகலில் வாசல் பக்கத்துத் திரையை மூடினால் ஒரே அர்த்தம்தான், வீட்டில் சாவு. அது ஐவிக்குத் தெரியாததல்ல. இரண்டு தடவை அவளே மூடியிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு அவள் மண்டையில் மூன்று மணி நர்ஸும் காலியாகக் கிடந்த டீத்தூள் டப்பாவும்தான் இருந்தன. பின்கதவு வழியாகக் கூட்டுறவுக் கடைக்குப் போனாள்.

திரும்பும்போது பின்சந்தில் கரிவண்டி மூட்டையை இறக்கிக்கொண்டு வழியை அடைத்து நின்றது. அதனால் தெருவைச் சுற்றி முன்பக்கமாக வந்தாள். வந்தவள் திருப்பத்திலேயே நின்றாள். இரண்டு பக்கமும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, எல்லா வீட்டிலும் திரை மூடியிருந்தது.

யாரோ போய்விட்டார்கள். துக்க வீட்டுக்கு மரியாதையாகத் தெருவே மூடியிருக்கிறது. நாலாம் எண் கிழவரா? போன வாரம்கூட முட்டைக்கோஸ் நட்டுக்கொண்டிருந்தாரே. பதினேழாம் எண்ணில் பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கிற பெண்ணா? பன்னிரண்டாம் எண் மிசஸ் டாட்ஸ் தன் வீட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஐவி அவளிடம் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யாரு?"

மிசஸ் டாட்ஸின் முகம் கோணியது. "அடக் கடவுளே. வா கண்ணு, வீட்டுக்குப் போகலாம். மிசஸ் பிக்கர்ஸ் அப்பவே அங்க போயிட்டாங்க, பையோட."

மார்த்தாவின் பை. அதில் வெள்ளைத் துணி இருக்கும், சோப்பு இருக்கும், கண்ணிமை மேல் வைக்க இரண்டு பென்னிக் காசு இருக்கும். ஐவிக்குப் புரிந்துவிட்டது. டீத்தூள் வாங்கப் போன நேரத்தில் போய்விட்டான். தனியாக. அதே இடத்தில். அவளே இழுத்துக்கொண்டு வந்து போட்ட கட்டிலில்.

ஓடினாள். மார்த்தா வழக்கப்படி உள்ளிருந்து வாசல் கதவின் தாழை நீக்கி வைத்திருந்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஐவி தன் வீட்டுக்குள் வாசல் கதவு வழியாக நுழைந்தாள். நடையில் கால் வைத்ததும் உள்ளே வில்ஃபின் குரல் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே நடந்ததை மார்த்தா பிற்பாடு தெருவுக்கே சொன்னாள். சட்டைக் கையை மடித்துவிட்டு, பென்னியைப் பியானோ மேல் வைத்துவிட்டு, போர்வையை நீக்கி நெற்றியில் கை வைத்திருக்கிறாள். பிணம் கண்ணைத் திறந்து, "மார்த்தா, ஒன் கை ஐஸ் மாதிரி இருக்கு" என்றிருக்கிறது. அவள் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். செத்தவன் பேசினானா, இல்லை தனக்குத்தான் வயதாகிவிட்டதா என்று அவளுக்கு ஐந்து நிமிஷம் விளங்கவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தில் வில்ஃப், யாரும் அவளிடம் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டான், குளிப்பாட்டும்போது மகன் எப்படி இருந்தான் என்று.

ஐவி நடையில் நின்று கேட்டது அதற்கு மார்த்தாவின் பதில்.

"முகத்துல ஒரு கீறல் இல்ல, வில்ஃப். காதுக்குப் பின்னாடி ஒட்டியிருந்த தூசுதான் போகல. மூணு தடவை தண்ணி மாத்தினேன். ஐவி உள்ள வர்றதுக்குள்ள போயிடணும்னு."

வில்ஃப் மூச்சு வாங்கிக் கேட்டான், "அவன் சாப்பாட்டு டப்பா?"

"சட்டைக்குள்ள நசுங்கிக் கெடந்துது. தொறந்து பாத்தேன். காலி. சாப்ட்டு முடிச்சுட்டுத்தான் இருந்திருக்கான்."

"வெறும் வயித்தோட போயிட்டானோன்னு பன்னெண்டு வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."

ஐவி வாசலுக்கு வந்து நின்றாள். கையில் டீத்தூள் பொட்டலம் பிதுங்கிக்கொண்டிருந்தது.

"ஜாம் தீந்து போயிருந்துது" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "அன்னைக்கு ரொட்டியில வெறும் கொழுப்பத் தடவி வச்சேன். மொறச்சுக்கிட்டுப் போனான். தூக்கிப் போட்டுட்டான்னு நெனச்சேன்."

"போடல, கண்ணு" என்றாள் மார்த்தா. "ஒரு துணுக்கு இல்ல டப்பாவில."

ஐவி சோபாவில் உட்கார்ந்தாள். குத்தியது. எழுந்திருக்கவில்லை.

சரியாக மூன்று மணிக்கு நர்ஸ் கில்பி தெருவுக்குள் சைக்கிளைத் திருப்பினாள். மூடிய திரைகளைப் பார்த்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். இந்த ஊர் வழக்கத்தில் இதை மட்டும் அவள் கற்றிருந்தாள். திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பியிருக்க வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக மெதுவாக உள்ளே வந்தாள். அரை இருட்டில் மூன்று பேர். கண்ணாடி அலமாரிக் கோப்பையில் டீ. பன்னிரண்டு வயதில் கிளிஃபர்ட் பியானோவுக்குள் எலியை விட்ட கதையை வில்ஃப் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எறந்தது யாரு?" என்றாள் நர்ஸ்.

"எங்க பையன்" என்றான் வில்ஃப். "உக்காருங்க."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. நாடியைப் பிடித்தாள், கட்டிலை அசைத்துப் பார்த்தாள், ஆஸ்பத்திரிப் படிவத்தை எடுக்காமலே பையை மூடினாள். காற்றும் வெளிச்சமும் வேண்டும், முதலில் இந்தத் திரையைத் திறங்கள் என்றாள். அப்போதுதான் ஐவிக்கு உறைத்தது. வாயில் கையை வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய் இழுத்தாள்.

எதிரே மிசஸ் டாட்ஸ், துக்க வீட்டுக்கென்று மாவுக்குள் இறைச்சி வைத்து அவசரமாகச் சுட்ட அப்பத்தைத் துண்டால் மூடிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஜன்னலில் வில்ஃப் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான். அப்பம் கீழே விழவில்லை. எப்படி விழாமல் இருந்தது என்று அவள் கடைசி வரை ஆச்சரியப்பட்டாள். தெருவில் திரைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன, கொஞ்சம் சந்தேகத்தோடு. அப்பத்தைச் சூடு ஆறுவதற்குள் அஞ்சு பேரும் முன்னறையில் உட்கார்ந்து தின்று தீர்த்தார்கள்.

வில்ஃப் அந்தக் கட்டிலில் பதினேழு மாதம் இருந்தான். மார்த்தாவின் கணக்குக்கு இது ஒத்துவரவில்லை. அவள் அதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தாள். பார்க்க வருகிறவர்களுக்கு வாசல் கதவா பின்கதவா என்று கடைசி வரை நிச்சயம் இல்லை. வந்து உட்கார்ந்ததும் முதலில் குசுகுசுப்பார்கள். தோழர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால் சங்கக் கூட்டம் மாதிரி இரைச்சல் கிளம்பும். ஐவி பழக்கத்தில் "ஷ்ஷ், முன்னறை" என்பாள். வில்ஃப் அகராதியைத் தட்டிக் காட்டுவான். அவளுக்கு அந்த விஷயத்தில் ஒரு தெளிவும் வரவில்லை. வியாழக்கிழமை தூசு தட்டினாள். கோப்பைகளில் இரண்டு உடைந்தன.

1956 ஆகஸ்டில் ஒரு காலை, விடிந்து கொஞ்ச நேரத்தில் அவன் போனான். ஐவி அவன் பக்கத்தில் இருந்தாள். மார்த்தாவுக்கு ஆள் அனுப்பினாள். இந்தத் தடவை நடையில் நிற்க மாட்டேன், நானும் சேர்ந்து குளிப்பாட்டுவேன் என்றாள். மார்த்தா இரண்டாவது துணியை நீட்டினாள். காதுக்குப் பின்னால் ஐவி தேய்த்தாள். நாற்பது வருஷத் தூசு போகவில்லை.

முடித்துவிட்டு ஜன்னல் திரையை மூடினாள். ஒரு மணி நேரம் கழித்து ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். தெருவில் ஒரு வீட்டிலும் திரை மூடியிருக்கவில்லை. ஆனால் எல்லா ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு தலை இருந்தது. ஒரு தடவை ஏமாந்த தெரு.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை விரல் நுனியால் யாரோ தட்டினார்கள். ஐவி ஜன்னலை ஒரு சாண் தூக்கினாள். வெளியே மிசஸ் டாட்ஸ் குனிந்து நின்றாள்.

"ஐவி, தப்பா நெனச்சுக்காத. இந்தத் தடவை நெசமாவா?"

"நெசந்தான்" என்றாள் ஐவி. "கதவு தொறந்துதான் இருக்கு. உள்ள வந்து உக்காருங்க."